ஈயத்துக்கு உயிர் கொடுக்கும் ராடு!

வாருங்கள், ஒரு தூண்டில் கடையின் கல்லாவுக்குப் பின்னால் போகலாம்!

முன்பக்கம் எல்லோரும் பார்ப்பதுதான். சுவர் நீளத்துக்குச் சாய்த்து வைத்த ராடுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும் ரீல்கள், நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னும் ஜிக்குகள். துபாய் தேரா சந்துகளில் இருக்கும் இந்தத் தூண்டில் கடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் நிற்க இடம் கிடைக்காது. 2022 ஜனவரியில் அமீரகத்தின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து, வெள்ளி மாலைதான் இங்கே திருவிழா! தமிழ், மலையாளம், தகலோக், அரபி என்று நாலு பாஷையில் மீன் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

நாம் பார்க்க வந்தது அதை அல்ல. ஓரத்தில் தொங்குகிற திரையை விலக்கினால் ஒரு பின்னறை. எபாக்ஸி பசையின் வாசனை முகத்தில் அடிக்கிறது. நீள மேசை மேல் ஒரு குட்டி மோட்டார், பசை ஒரு பக்கமாக வழிந்துவிடாதபடி, புதிதாக நூல் சுற்றிய ராடு ஒன்றை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. நூல்கண்டுகள், வளையங்கள் நிரம்பிய டப்பாக்கள், தரையில் முடுக்கிய ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் ஒரு டிஜிட்டல் தராசு. ஒரு ஜிக் ராடு உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் அதன் குணம் முழுக்கத் தெரியவருவது இந்த அறையில்தான்!

அறையின் ராஜா ஒரு கீழக்கரைக்காரர். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவர் 'காக்கா', அதாவது அண்ணன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருநெல்வேலிப் பையன் ஒருவன் உள்ளே தலையை நீட்டினான்.

"காக்கா, வஞ்சிரம் புடிக்கணும். நல்ல ஜிக் ராடா ஒண்ணு குடுங்க."

"மீனைப் பத்தி அப்புறம் பேசுவோம் தம்பி. எந்தக் கடல்? இந்தப் பக்கமா, ஃபுஜைராவா?"

பையன் விழித்தான். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. ஜிக் ராடு தேர்வின் முதல் வரியே இதுதான்!

ஒரு நாடு, இரண்டு கடல்

அமீரகத்தின் ஏழு எமிரேட்டுகளில் ஆறு, மேற்கே வளைகுடாவைப் பார்த்து நிற்கின்றன. அந்த வளைகுடா ஆழமே இல்லாத கடல். சராசரியாகச் சுமார் 35 மீட்டர். அதன் மிக ஆழமான இடம்கூட 100 மீட்டரைத் தொடாது. துபாயிலிருந்து படகெடுத்தால் பெரும்பாலும் இருபது, முப்பது மீட்டர் தண்ணீரில்தான் தூண்டில் போடுவீர்கள்.

ஹஜர் மலையைக் குடைந்து போகும் சாலையில் ஒன்றரை மணி நேரம் கிழக்கே ஓட்டினால் முற்றிலும் வேறொரு கடல்! ஃபுஜைரா, கோர்ஃபக்கான், கல்பா, டிப்பா. இது ஓமான் வளைகுடா. அரபிக்கடலின் வாசல். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சரியத் தொடங்கும். சரிந்து சரிந்து, நடுக்கடலில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். நீரோட்டமும் அதற்கேற்றாற்போல் இழுக்கும்.

ஒரே நாட்டில், ஒரே பெட்ரோல் டேங்கில் எட்டிவிடக்கூடிய இரண்டு கடல்கள். ஒன்றுக்கு வாங்கிய ராடு மற்றதற்கு உதவாது. "ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு" என்று கேட்டு வருகிறவர்களைக் காக்கா உட்காரவைத்து, டீ கொடுத்து, இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார்.

ஏன் உதவாது? ஜிக் என்பது மீன் வடிவில் வார்த்த ஈயக் கட்டி. அதில் இரையும் இல்லை, வாசனையும் இல்லை. தரைவரை இறக்கி, மேலே துள்ளவைத்து, அடிபட்ட குட்டி மீன் மாதிரி தடுமாறி விழவைக்க வேண்டும். அந்த நடிப்பு முழுவதும் ராடின் வேலை. ஆழமும் நீரோட்டமும் ஈயத்தின் எடையைத் தீர்மானிக்கும். அந்த எடைதான் ராடைத் தீர்மானிக்கும். கடைக்காரர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு எளிது: மீட்டருக்கு இரண்டு முதல் மூன்று கிராம். முப்பது மீட்டரில் 60 முதல் 90 கிராம் போதும். ஃபுஜைராவில் எண்பது மீட்டர் என்றால் 160 முதல் 240 கிராம். ஓட்டம் கடுமையாக இருந்தால் அதற்கும் மேலே. 60 கிராமைத் துள்ளவைக்கிற ராடு 240 கிராமின் கீழ் துவண்டுவிடும். 240 கிராமுக்கான ராடு 60 கிராமைக் கவனிக்கவே செய்யாது!

அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி

அறையின் மூலையில் நீளமாக, ஒல்லியாக, ரொம்ப அழகாக ஒரு ராடு. ஹூஸ்டனில் வேலை பார்த்துவிட்டு அபுதாபிக்கு மாற்றலாகி வந்த தமிழ் இன்ஜினியர் ஒருவர், வளையம் மாற்றுவதற்காகக் கொடுத்துவிட்டுப் போனது. ஏழடி நீளம். மேலே எழுத்தும் 'ஜிக் ராடு' என்றுதான் சொல்கிறது. ஆனால் அது பாஸ் மீனுக்கான ஜிக் ராடு!

அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிப்பது லட்சக்கணக்கானவர்களின் பித்து. அங்கே ஜிக் என்றால் ஈயத் தலை, ரப்பர் பாவாடை, ஒற்றை முள், பாசி மாட்டாமல் இருக்க முன்னால் ஒரு கற்றை நைலான் மயிர். எடை பத்து முதல் இருபத்தெட்டு கிராமுக்குள். பாசிக்குள்ளும் மரக்கட்டைகளுக்கு நடுவிலும் போட்டு, மீன் கவ்வியதும் ஓங்கி இழுத்து முள்ளைத் தாடையில் ஏற்ற வேண்டும். அதனால் அந்த ராடு நீளமாக, அடிப்பாகம் விறைப்பாக, நுனி மட்டும் சட்டென்று வளைவதாக இருக்கும். 'ஹெவி, ஃபாஸ்ட்' என்று லேபிளில் போட்டிருப்பது அதைத்தான்.

காக்கா அதன் நுனியில் ஒரு 200 கிராம் ஜிக்கைத் தொங்கவிட்டுக் காட்டினார். நுனி மட்டுமா, பாதி ராடே தலைகீழாகக் கவிழ்ந்தது.

"பாத்தீங்களா? சும்மா தொங்கவிட்டதுக்கே வளைவு எல்லாம் செலவாயிருச்சு. இனி துள்ளவைக்க மிச்சம் என்ன ஈக்கு?"

அந்த ராடில் குறையே இல்லை. பாறைத் தடுப்புச் சுவரில் நின்று இருபது கிராம் ஜிக்கை வீசிக் கட்டாவும் சின்னப் பாரையும் பிடிக்க இது பிரமாதம் என்று அதே மூச்சில் பாராட்டினார். லேபிளில் உள்ள 'ஹெவி' எந்த நீருக்கு, எந்த எடைக்கு என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏரியின் ஹெவி, ஓமான் வளைகுடாவில் இறகு!

கடல் ஜிக் ராடின் லேபிளில் மூன்று எண்களைத் தேடுங்கள். ஒன்று, ஜிக் எடை, கிராமில். இரண்டு, பிஇ எண். இது நூலின் கனம். பிஇ 1 என்றால் சுமார் 0.165 மி.மீ., பிஇ 2 என்றால் சுமார் 0.235 மி.மீ. மூன்று, நீளம். ஜிக் எடையும் பிஇ எண்ணும் உங்கள் கடலோடு பொருந்தினால் மற்றவை தானாகப் பின்னால் வரும்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

சுவரில் இருக்கும் கடல் ஜிக் ராடுகளை உற்றுப் பார்த்தால் இரண்டு குடும்பங்கள் தெரியும்.

முதல் குடும்பம் குட்டையானது. ஐந்தடி, ஐந்தரையடி. தடித்த அடிப்பாகம். இது வேக ஜிக்கிங். கத்தி போல நீண்ட ஜிக்கைத் தரையிலிருந்து விறுவிறுவென்று மேலே இழுத்து வருவது. துரத்திக் கவ்வுகிற மீன்களுக்கு இது: ஆம்பர்ஜாக், பெரிய பாரை, சூரை, நம்ம வஞ்சிரம். குமரிக்காரருக்கு அது நெய்மீன், யாழ்ப்பாணத்தாருக்கு அறக்குளா, இங்கே அரபியில் கனாத். தோள்பட்டைக்கு நல்ல வேலை!

இரண்டாவது குடும்பம் ஆறடிக்கு மேலே, பெரும்பாலும் ஆறே கால் முதல் ஆறரை அடிக்குச் சற்றுக் கூடுதல்வரை. சுண்டுவிரலைவிட ஒல்லி. இதுதான் ஜப்பானிலிருந்து வந்து உலகத்தையே மயக்கிய 'ஸ்லோ பிட்ச்' ராடு. சாட்டோ நோரிஹிரோ என்ற ஜப்பானியத் தூண்டில்காரர்தான் இந்த முறைக்குத் தந்தை என்று கொண்டாடப்படுகிறார். அவர் பார்த்தது என்ன தெரியுமா? எல்லா மீனும் எல்லா நேரமும் துரத்தாது. பாறையடியில் சோம்பிக் கிடக்கும் மீனுக்கு, மேலே ஓடும் ஜிக்கைவிடக் கீழே விழும் ஜிக்தான் ஆசை காட்டும். இலை உதிர்வதுபோல் படுத்த வாக்கில் ஆடி ஆடி விழ வேண்டும்! அப்படி விழவைக்க, ஜிக்கை மேலே உதைத்துவிட்டு அடுத்த நொடி நூலைத் தளரவிடுகிற ராடு வேண்டும். களவா, விளமீன், சங்கரா எல்லாம் மயங்கும் முறை இது. களவாதான் இங்கே ஹமூர். அமீரகத்துச் சாப்பாட்டு மேசையின் செல்லப்பிள்ளை.

பின்னறைப் பரீட்சைகள்

இப்போதுதான் விருந்து! காக்கா ஒரு ஸ்லோ பிட்ச் ராடை எடுத்தார். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றினார். வளையத்தின் உள்பக்கம் பீங்கான் வகை. நல்லதென்றால் சிலிக்கான் கார்பைடு. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பஞ்சின் ஒரு இழை அதில் மாட்டி நிற்கும். பஞ்சு மாட்டுகிற இடத்தில் நூலும் அறுபடும். ஒன்பது வளையம் சுத்தமாக வந்தது. பத்தாவதில், நுனி வளையத்தில், மெல்லிய வெள்ளை இழை ஒன்று! அவர் சிரித்துக்கொண்டே ராடைப் பழுது மேசைக்கு மாற்றினார். கடைக்குப் போனால் ஒரு பஞ்சுக் குச்சியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தராசு. வேறொரு ராடில் ரீல் மாட்டி, நூலை எல்லா வளையங்களிலும் கோத்து, தரையிலுள்ள தராசில் கட்டினார். மெல்ல ராடை உயர்த்தினார். தராசில் ஒரு கிலோ: நுனி மட்டும் வளைந்தது. இரண்டு கிலோ: வளைவு நடுவுக்கு வந்தது. மூன்று கிலோ: கைப்பிடிக்குச் சற்று மேலே வரை வில்லாக நின்றது. எந்த இடத்திலும் முழங்கை மாதிரி மடியவில்லை. ஒரே சீரான வளைவு. "வளைவு உடையாம ஓடணும், அதுதான் கணக்கு" என்றார்.

ரீல் ராடின் மேலே உட்காரும் வகையில் இன்னொரு நுட்பம். முதல் வளையம் மேலே, அடுத்தடுத்து வளையங்கள் கொடிபோல் பக்கவாட்டில் சுற்றி, நுனியில் அடிப்பக்கம் போய்விடும். சுருள் கட்டு என்பார்கள். பெரிய மீன் இழுக்கும்போது ராடு கையில் புரண்டுகொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. நேர்க்கட்டும் சுருள் கட்டும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத் தராசில் இழுத்துப் பார்த்தேன். முன்னது மணிக்கட்டைத் திருகப் பார்க்கிறது; பின்னது சாதுவாக நிற்கிறது!

வெறும் குழாயாக ஒரு ராடுத் தண்டு மேசையில் கிடந்தது. அதன் பிறப்பும் அழகான கதை. பிசினில் ஊறிய கார்பன் இழைத் தாளை வெட்டி, கூம்பான இரும்புக் கம்பியில் இறுக உருட்டி, மேலே நாடா சுற்றி, அடுப்பில் வேகவைத்து, பிறகு கம்பியை உருவிவிடுவார்கள். நாடாவை உரித்த தடம் மெல்லிய வரி வரியாகத் தண்டில் நிற்கும். சிலர் தேய்த்து மழுப்புவார்கள், சிலர் அப்படியே விடுவார்கள். தாளை எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்தில் உருட்டுவது என்பதில்தான் அந்தத் துள்ளல் பிறக்கிறது. கண்ணாடி இழை கலந்தால் கொஞ்சம் கனம் கூடும், அடிதாங்கும், மெதுவாக நிமிரும். கார்பன் அதிகமானால் லேசாகும், சட்டென்று நிமிரும்; ஆனால் படகு விளிம்பில் இடித்தால் மன்னிக்காது.

டிப்பாவில் விடியல்

பரீட்சையில் தேறிய ராடு கடலில் என்ன செய்கிறது? அதையும் பார்த்துவிடுவோமே! டிப்பா ஒரு விந்தையான ஊர். ஒரு பகுதி ஃபுஜைராவுக்கு, ஒரு பகுதி ஷார்ஜாவுக்கு, ஒரு பகுதி ஓமானுக்கு. மலை அப்படியே கடலில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். விடியும் முன்பே கிளம்புகிற படகுகளில் ஒன்றின் கேப்டன் பாம்பன்காரர். கைத்தூண்டிலில் வளர்ந்தவர். தங்கூசி நூல் விரலில் ஓடும்போதே அடியில் கல்லா, மணலா என்று சொல்லிவிடுவார்.

எக்கோ சவுண்டரில் எழுபது மீட்டர். அவர் முதலில் ராடைத் தொடவில்லை. தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்தார். "நீவாடு தெற்க போகுது. 200 போடுங்க."

ஜிக் இறங்கியது. பல நிற நூல், பத்து மீட்டருக்கு ஒரு நிறம். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று ஓடுவதை எண்ணினாலே ஆழம் தெரியும்! ஏழாவது நிறம் முடிகிற நேரம் நூல் தளர்ந்தது. தரை.

"தம்பி, கடலைப் பாக்காதீங்க. நுனியப் பாருங்க."

பார்த்தேன். அவர் ரீல் கைப்பிடியைக் கால் சுற்று சுற்றினார். ராடு நுனி தண்ணீரை நோக்கி வணங்கியது. ஒரு நொடியின் சிறு பகுதி அப்படியே நின்றது. பிறகு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்த அந்தக் கணத்தில் நூல் தொய்ந்து ஒரு சின்ன வளைவு போட்டது. எழுபது மீட்டர் கீழே அந்த 200 கிராம் ஈயம் உதைபட்டு எழும்பி, படுத்து, விழுகிறது! கையால் ஓங்கி ஆட்டவே இல்லை. ராடு குனிந்து நிமிர்ந்ததே வேலையை முடித்துவிட்டது. கால் சுற்று, வணக்கம், நிமிர்வு, தொய்வு. கால் சுற்று, வணக்கம், நிமிர்வு, தொய்வு. ஜிக் எடை ராடுக்குச் சரியா என்று பார்க்க உலகத்தில் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நுனி குனிந்தபடியே நின்றால் ஜிக் கனம் அதிகம். குனியவே மறுத்தால் ஜிக் போதாது.

நுனி நிமிரும் வழியில் பாதியில் நின்றது. டக்! கேப்டன் ராடை உயர்த்தவில்லை. நேர் எதிராகத் தாழ்த்தினார். ராடு கிட்டத்தட்ட நூலின் திசையிலேயே நீட்டிக்கொண்டிருக்க, ரீல் மட்டும் வேலை செய்தது. ஸ்லோ பிட்ச் ராடு ஜிக்கை ஆட்டுவதற்காகச் செய்தது; மீனைத் தூக்குவது ரீலின் பொறுப்பு. ராடை வானத்தைப் பார்த்து நிமிர்த்தினால் சுமையெல்லாம் மெல்லிய நுனிப்பகுதிக்குப் போய் படாரென்று முறிந்துவிடும். அதனால்தான் இந்த ராடு வாங்குகிறவர்கள் ரீலுக்கு இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்று காக்கா அடித்துச் சொல்கிறார்.

மேலே வந்தது ஒரு களவா. ஆரஞ்சுப் புள்ளிகள் ஈரத்தில் மின்ன, வாய் முழுக்கத் திறந்து! அளவுகோலை வைத்தார்கள். அமீரகச் சட்டப்படி ஹமூர் குறைந்தது 45 செ.மீ. இருக்க வேண்டும்; இது தாண்டியிருந்தது. கனாத்துக்கு 65 செ.மீ. அதோடு ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை, அது இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், வளைகுடா நாடுகள் சேர்ந்தே வஞ்சிரத்துக்குத் தடை போட்டிருக்கின்றன. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கும் உரிமம் கட்டாயம். இந்த விதிகளை மதிக்கிற படகில் மட்டும் ஏறுங்கள். நாளைக்கும் ராடு வளைய வேண்டுமென்றால் நாளைக்கும் மீன் இருக்க வேண்டும்!

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

பின்னறையிலும் படகிலும் கேட்டதையெல்லாம் சேர்த்தால், கடைக்குப் போகும் முன் உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை. வரிசையையும் மாற்றாதீர்கள்.

முதலாவது, எந்தக் கடல்? நீங்கள் அடிக்கடி போகிற ஆழத்தைச் சொல்லுங்கள். என்றோ ஒருநாள் ஓமானில் ஹல்லானியாத் தீவுகளுக்குப் போகப்போகிற கனவை இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அது வேறு ராடு!

இரண்டாவது, அந்த ஆழத்துக்கும் ஓட்டத்துக்கும் எத்தனை கிராம்? அந்த எடை லேபிளில் உள்ள வரம்பின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் அல்ல.

மூன்றாவது, துரத்தும் மீனா, தரையில் காத்திருக்கும் மீனா? முன்னதற்குக் குட்டை ராடு, பின்னதற்கு ஒல்லி நெட்டை.

நான்காவது, நூல். துபாய்ப் பக்கத்து ஆழத்துக்குப் பிஇ 1, ஒன்றரை தாராளம். ஃபுஜைராவுக்கு இரண்டிலிருந்து மூன்று. கனமான நூல் பலம் என்று நினைப்போம். ஆனால் ஓட்டம் அதைப் பிடித்து இழுத்து ஜிக்கைத் தரைக்கே விடாது.

ஐந்தாவது, உங்கள் கை. ரீலோடு சேர்த்துப் பிடித்து, கடையிலேயே பத்து நிமிடம் கால் சுற்று, கால் சுற்றாக ஆட்டிப் பாருங்கள். கைப்பிடியின் அடிநுனி அக்குளில் அழகாக உட்காருகிறதா? முன்கை கடுக்கிறதா? நல்ல கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார்.

வாங்கியபின், ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். வளைகுடா உப்பு மிக அதிகமான கடல். வளையச் சட்டங்களையும் ரீல் இருக்கையையும் அது விட்டுவைக்காது. கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். இடி மின்னல் தெரிந்தால் உடனே கீழே வையுங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும்.

திருநெல்வேலிப் பையன் கடைசியில் என்ன வாங்கினான் தெரியுமா? சனிக்கிழமைதோறும் நண்பர்களோடு ஃபுஜைரா போகிறவனாம். வஞ்சிரம் துரத்துகிற மீன் என்பதால் ஐந்தரையடி ராடு, 250 கிராம்வரை, பிஇ 3. நுனி வளையம்வரை பஞ்சுக் குச்சியை அவனே விட்டுப் பார்த்தான், தராசில் அவனே இழுத்துப் பார்த்தான், அப்புறம்தான் பணத்தை எடுத்தான். ஐந்து கேள்விக்கும் பதில் தெரிந்தவனுக்குச் சுவரிலிருந்த அத்தனை ராடுகளில் இரண்டே இரண்டுதான் மிஞ்சின. உங்களுக்கும் அப்படித்தான் மிஞ்சும். போங்கள், திரையை விலக்கி உள்ளே கேளுங்கள். அக்டோபர் 16 காலையில் வஞ்சிரத்துக்கு வழி திறக்கும்போது, சரியான ராடு உங்கள் கையில் இருக்கட்டும்!